மோர்சிங் உறைபெட்டிக்குக் காப்புரிமை கிடைக்குமா? காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வு முறை: ஒரு விளக்கம்

புதுதில்லி: காப்புரிமை என்றதும் மருந்துகளும் கைப்பேசித் தொழில்நுட்பமுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், உள்ளங்கையில் அடங்கும் ஓர் இசைக்கருவியைப் பாதுகாக்கும் சிறு பெட்டிக்காக ஒருவர் விண்ணப்பித்தாலும், அதே சட்டத்தின் அதே பிரிவுகளின்கீழ்தான் அது ஆராயப்படும். பொருள் எளிமையானது என்பதால் ஆய்வு எளிதாகிவிடுவதில்லை. பெட்டி, உறை, பை போன்றவை உலகெங்கும் நூற்றாண்டுகளாகப் புழங்கிவருவதால், 'இது புதியது' என்று மெய்ப்பிப்பதே இத்தகைய விண்ணப்பங்களில் கடினமான பகுதியாகிறது.

இதை விளக்க மோர்சிங்கை எடுத்துக்கொள்ளலாம். மேற்கு ராஜஸ்தானின் லங்கா, மாங்கணியார் இசைக்கலைஞர்கள் மோர்சங் என்ற பெயரில் வாசிப்பதும், கர்நாடக இசைக் கச்சேரிகளில் மிருதங்கத்துடன் இணைந்து ஒலிப்பதும் ஏறத்தாழ ஒரே வகைக் கருவிதான். இரும்புச் சட்டத்தின் இரு கைகளுக்கு நடுவே மெல்லிய உலோக நாக்கு ஒன்று மயிரிழை இடைவெளியில் ஓடுகிறது. அதன் வளைந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைப்பையிலோ தோள்பையிலோ போட்டால் அந்த முனைதான் முதலில் மாட்டிக்கொள்ளும். நாக்கு சற்றே விலகினாலும் சட்டத்தில் உரசும், நாதம் கெடும். வாயருகே வைத்து வாசிக்கப்படுவதால் ஈரம் படிந்து துருப்பிடிக்கும் தொல்லையும் உண்டு. ஆகவே, இக்கருவிக்கு நல்லதொரு பெட்டி தேவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், தேவை இருப்பதை மட்டும் வைத்துக் காப்புரிமை வழங்கப்படுவதில்லை.

கைவினைஞர் ஒருவர் இத்தகைய பெட்டியை வடிவமைத்து விண்ணப்பிக்கிறார் எனக் கொள்வோம். இந்த விண்ணப்பம் கற்பனையே. கீழே குறிப்பிடப்படும் சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் நடைமுறையில் உள்ளவை.

விற்பனைக்கு முன் விண்ணப்பம்

சிறு தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் உரிமையை இழப்பது ஆய்வாளரின் மேசையில் அல்ல; சந்தையில்தான். பெட்டியைச் செய்து, கண்காட்சியில் வைத்து, சமூக ஊடகத்தில் காணொலி வெளியிட்டு, நூறு பேருக்கு விற்றபின், வரவேற்பு நன்றாக இருக்கிறதே என்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கின்றனர். அதற்குள் அவர்களுடைய சொந்தக் காணொலியே அவர்களுக்கு எதிரான ஆவணமாகிவிடுகிறது.

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2005இல் சேர்க்கப்பட்ட வரையறையின்படி, விண்ணப்ப நாளுக்கு முன் இந்தியாவிலோ உலகின் வேறெந்தப் பகுதியிலோ ஆவணத்தில் வெளியாகியிருந்தாலோ, பயன்பாட்டில் இருந்திருந்தாலோ அது புதிய கண்டுபிடிப்பாகாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளில் காட்சிப்படுத்தினால் 12 மாத அவகாசம் தருகிறது 31ஆம் பிரிவு. உள்ளூர்ச் சந்தையும் இணைய விற்பனையும் இந்தச் சலுகைக்குள் வருவதில்லை.

இதற்கு மாற்றுவழியைச் சட்டமே வைத்திருக்கிறது. முழுமையான விவரக்குறிப்பு தயாராகாத நிலையில் தற்காலிக விவரக்குறிப்பை அளித்து நாளைப் பதிவு செய்துகொள்ளலாம். அடுத்த 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பை அளித்துவிட வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தற்காலிக விவரக்குறிப்பில் சொல்லப்படாத அம்சத்துக்கு அந்த முந்தைய நாளின் பாதுகாப்பு கிடைக்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 'மோர்சிங்குக்கான பெட்டி' என்று இரண்டு வரி எழுதி நாளைப் பிடித்துவைப்பதால் பயனில்லை.

தனிநபர்கள், புத்தொழில் நிறுவனங்கள், சிறு நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்; ஏனையோருக்கு 8,000 ரூபாய். விண்ணப்பம் 18 மாதங்களுக்குப் பின் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும்.

கேட்டால்தான் ஆய்வு

விண்ணப்பித்துவிட்டால் ஆய்வு தானாக நடக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படியல்ல. ஆய்வு செய்யுமாறு 18ஆம் எண் படிவத்தில் தனியாகக் கோரிக்கை விடுக்க வேண்டும். இதற்கான காலக்கெடு முன்பு 48 மாதங்களாக இருந்தது. 2024 மார்ச் 15 அன்று நடைமுறைக்கு வந்த திருத்த விதிகள் அதை 31 மாதங்களாகக் குறைத்தன. தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் இணையவழியில் செலுத்த வேண்டிய ஆய்வுக் கட்டணம் 4,000 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 20,000 ரூபாய். கோரிக்கை வராவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும்.

விரைவு ஆய்வுக்கும் வழியுண்டு. புத்தொழில் நிறுவனங்கள், சிறு நிறுவனங்கள், விண்ணப்பதாரர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கும் தனிநபர் விண்ணப்பங்கள் உள்ளிட்டவை இதைக் கோரலாம். ஆண் கைவினைஞர் தனியாக, நிறுவனப் பதிவு ஏதுமின்றி விண்ணப்பித்தால் பொதுவாக இந்த வரிசையில் இடம் கிடைக்காது.

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தில்லி, மும்பை, சென்னை ஆகிய நகரங்களிலும் காப்புரிமை அலுவலகம் இயங்குகிறது. ஆய்வாளர் அறிக்கை தயாரிக்கிறார். அதன்மீது முடிவெடுப்பவர் கட்டுப்பாட்டாளர். ராஜஸ்தான்வாசியின் விண்ணப்பம் தில்லி அலுவலகத்தின் எல்லைக்குள் வரும்.

ஆய்வாளர் எங்கே தேடுவார்?

உலகக் காப்புரிமை ஆவணங்கள் அனைத்தும் பொருள்வாரியாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. இசைக்கருவிகளுக்கான வகுப்பு 'ஜி10'. அதில் கருவிகளின் துணைப் பொருள்கள் 'ஜி10ஜி' என்ற உட்பிரிவில் உள்ளன. அனுபவமுள்ள ஆய்வாளர் இத்துடன் நிற்கமாட்டார். கைப்பைகள், பயணப்பெட்டிகளுக்கான 'ஏ45சி', பொருள்களை அடைத்துவைக்கும் கலங்களுக்கான 'பி65டி' ஆகிய வகுப்புகளையும் புரட்டுவார். மூக்குக்கண்ணாடிக் கூடு, சவரக்கத்திப் பெட்டி, வடிவியல் கருவிப் பெட்டி, மவுத் ஆர்கன் உறை என எதுவும் அவர் கண்ணில் படலாம். மென்மையான ஒரு பொருளை அசையாமல் பிடித்து மூடிவைப்பது எல்லாவற்றுக்கும் பொதுவான தொழில்நுட்பச் சிக்கல் அல்லவா?

இங்கே விண்ணப்பதாரர்கள் சந்திக்கும் முதல் அதிர்ச்சி, சீனாவின் 'பயன்பாட்டு மாதிரி' ஆவணங்கள். அங்கும் ஜெர்மனியிலும் சிறு மேம்பாடுகளுக்கு முழுமையான ஆய்வின்றியே 10 ஆண்டு வரை பாதுகாப்பு தரும் தனி உரிமை வகை உண்டு. இந்தியச் சட்டத்தில் அத்தகைய வகை இல்லை. ஆனால், சீனாவில் வெளியான அந்த ஆவணங்கள் இந்திய விண்ணப்பத்துக்கு எதிரான முன்சான்றாக எடுத்துக்காட்டப்படலாம். அங்கே எளிதாகக் கிடைத்த ஓர் உரிமை, இங்கே ஒரு கைவினைஞரின் வழியை அடைக்கிறது. இதுவும் சட்டப்படி சரியே.

மோர்சிங்கைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. இக்கருவியின் உறவினங்கள் ஆசியா முழுவதும் வாசிக்கப்படுகின்றன. சைபீரியாவின் யாகுட் மக்கள் 'கோமுஸ்' எனப்படும் தங்கள் கருவியைச் செதுக்கிய மரப்பெட்டியில் வைக்கின்றனர். வியட்நாம் மலைப்பகுதிகளின் மாங் மக்கள் பித்தளைக் கருவியை மூங்கில் குழாய்க்குள் பத்திரப்படுத்துகின்றனர். எனவே, 'வாயிசைக் கருவியை வைக்க அதன் வடிவில் குடைந்த பெட்டி' என்ற பரந்த உரிமைக்கோரல் தொடக்கத்திலேயே விழுந்துவிடும். அருங்காட்சியக நூலொன்றில் வந்த ஒரு படமே அதற்குப் போதும்.

மரபறிவுக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது சட்டத்தின் 3ஆம் பிரிவின் 'பி' உட்பிரிவு. அரசின் மரபறிவு எண்ணிம நூலகம் போலிக் காப்புரிமைகளைத் தடுக்க உதவிவருகிறது என்றாலும், அதில் பெரும்பாலும் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, யோகா சார்ந்தவையே உள்ளன. நாட்டுப்புறக் கலைஞர் தன் கருவியைத் துணியில் எப்படிச் சுற்றுவார், தோலில் எப்படித் தைப்பார் என்பது எந்தத் தரவுத்தளத்திலும் எளிதில் அகப்படுவதில்லை. ஆய்வாளர் தேடிக் கண்டறிய இயலாத மரபை வேறொருவர் தன்னுடையதாகப் பதிந்துகொள்ளும் ஆபத்து அங்கே இருக்கிறது. இதற்காகவே காப்புரிமை வழங்கப்படுமுன் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்க 25ஆம் பிரிவு இடமளிக்கிறது. எதிர்ப்பவர் போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. கிராமத்துக் கலைஞராகவும் இருக்கலாம்.

'பட்டறை மேம்பாடு' என்னும் கோடு

புதுமை இருந்தாலும் அடுத்த தடை கடுமையானது. கண்டுபிடிப்பில் புத்தாக்கக் கூறு இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருப்பதுடன், அத்துறையில் தேர்ச்சி பெற்றவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது. 'மலிவாகச் செய்துவிட்டேன்' என்ற வாதம் மட்டும் செல்லாது என்பது இதனால் விளங்கும்.

இதில் இன்றளவும் வழிகாட்டியாக இருப்பது, பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் – ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, கடைசல் இயந்திரத்தில் தட்டுகளைப் பிடித்துவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. பழைய முறையில் பாத்திரத்தை ஒருபுறம் மட்டும் பசையால் ஒட்டியோ கவ்வியால் பிடித்தோ சுழற்றுவர்; அது பிடுங்கிக்கொண்டு பறந்து தொழிலாளியைத் தாக்கும் அபாயம் இருந்தது. எதிர்ப்புறமிருந்து முனைத்தாங்கி கொண்டு அழுத்திப் பிடிப்பதே புதிய முறை. பாதுகாப்பு கூடியது, வேலை வேகமானது, மெருகும் நன்றாக வந்தது. பயன் குறித்துப் பெரிய மறுப்பு இருக்கவில்லை. ஆயினும், அத்தகைய தாங்கி கடைசல் வேலையில் நெடுங்காலமாக அறியப்பட்டதுதான். தேர்ந்த தொழிலாளி இயல்பாகவே செய்யக்கூடிய மாற்றம் இது என்று கருதிய நீதிமன்றம், காப்புரிமை செல்லாது என்றது. வெறும் பட்டறை மேம்பாட்டைத் தாண்டிய ஒன்று வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மோர்சிங் பெட்டிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், உட்புறம் வெல்வெட் ஒட்டுவது, மூடிக்குக் காந்தம் வைப்பது, மரத்துக்குப் பதில் நெகிழி பயன்படுத்துவது ஆகிய யாவும் பட்டறை மேம்பாடுகளாகவே பார்க்கப்படும். 'தேர்ச்சி பெற்றவர்' யார் என்பதும் கவனத்துக்குரியது. அவர் மோர்சிங் வித்துவான் அல்லர், பெட்டி வடிவமைப்பவர். வித்துவானுக்கு வியப்பூட்டும் ஏற்பாடு, பெட்டி வடிவமைப்பவருக்கு அன்றாட வேலையாக இருக்கக்கூடும்.

துருவைத் தடுக்க ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால்? இங்கே 3ஆம் பிரிவின் 'எஃப்' உட்பிரிவு குறுக்கிடும். தனித்தனியே தமக்குத் தெரிந்த வேலையைச் செய்யும் பழைய சாதனங்களை அருகருகே வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. மின்விசிறி பொருத்திய குடை, கைவிளக்கு பொருத்திய வாளி ஆகியவை காப்புரிமைத் துறையினர் இதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள். குடை மழையைத் தடுக்கிறது, விசிறி காற்றைத் தருகிறது. ஒன்றால் மற்றொன்றுக்கு எந்தப் புதுத் திறனும் வருவதில்லை. பெட்டியும் பொட்டலமும் அப்படித்தான்.

ஆனால், மூடியை மூடும் அசைவே ஈரமுறிஞ்சி அறையின் வாயிலைத் திறந்து, மூடியைத் திறக்கும்போது அவ்வாயிலை அடைத்துவிடுமானால் நிலைமை மாறுகிறது. வெளிக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீணாகாமல், பெட்டிக்குள் உள்ள ஈரத்தை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். மூடியும் அறையும் ஒன்றைச் சார்ந்து ஒன்று இயங்குகின்றன; ஆகவே, ஒட்டிவைத்த இரு பொருள்கள் என்ற ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல முடியும். அதேபோல், மூடும்போது இரு பக்கத் தாங்கிகள் சட்டத்தை மட்டும் இறுக்கி, நாக்கும் வளைந்த முனையும் எதையும் தொடாமல் வெற்றிடத்தில் நிற்கும்படி செய்வதும் வாதத்துக்கு வலுச்சேர்க்கும். இவற்றுக்குக் காப்புரிமை உறுதி என்று சொல்லிவிட முடியாது. இதே அமைப்பு சவரக்கத்திப் பெட்டியில் ஏற்கெனவே வந்திருந்தால் கதை மீண்டும் மாறும்.

ஆறு மாதக் கெடு

ஆய்வாளரின் ஆட்சேபங்கள் 'முதல் ஆய்வறிக்கை'யாக விண்ணப்பதாரருக்கு அனுப்பப்படும். எடுத்துக்காட்டப்படும் ஆவணங்களுக்கு 'டி1', 'டி2' என அடையாளமிடுவது வழக்கம். முதல் உரிமைக்கோரலின் ஒவ்வோர் அம்சமும் 'டி1'இல் எங்கே உள்ளது, அதில் இல்லாதது 'டி2'இல் எங்கே உள்ளது என்று அறிக்கை காட்டும். முதன்முறை விண்ணப்பிப்போர் பலர் இதை நிராகரிப்பு என எண்ணி மனம் தளர்ந்து விட்டுவிடுகின்றனர். உண்மையில் இது உரையாடலின் தொடக்கமே. ஆட்சேபமே இல்லாத அறிக்கை அரிது.

அறிக்கை நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பத்தைச் சீர்செய்ய வேண்டும். கோரினால் மேலும் 3 மாதங்கள் கிடைக்கும். பதிலே தராவிட்டால் 21ஆம் பிரிவின்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அதற்குள் அது இதழில் வெளியாகிவிட்டிருந்தால் நுட்பமும் பொதுவெளிக்குச் சென்றிருக்கும். உரிமையும் இல்லை, இரகசியமும் இல்லை என்ற நிலையே எஞ்சும்.

பதிலில் உரிமைக்கோரலைச் சுருக்கலாம், விரிக்க முடியாது. 59ஆம் பிரிவின்படி, முதலில் அளித்த விவரக்குறிப்பில் வெளிப்படுத்தப்படாத எதையும் திருத்தத்தின் வழியே நுழைக்க இயலாது. மேலே சொன்ன ஈரமுறிஞ்சி வாயில் பற்றிய விளக்கமும் வரைபடமும் தொடக்க விவரக்குறிப்பிலேயே இருந்தால், பரந்த முதல் கோரலைக் கைவிட்டு அந்தக் குறுகிய அம்சத்தில் நிலைகொள்ளலாம். இல்லையெனில் பின்வாங்க இடமே இராது. பெட்டியின் தலைவிதி பெரும்பாலும் ஆய்வின்போது அல்ல, விவரக்குறிப்பு எழுதப்பட்ட நாளிலேயே முடிவாகிவிடுகிறது எனலாம்.

எழுத்துப் பதில் போதவில்லையெனில் கட்டுப்பாட்டாளர் விசாரணைக்கு அழைப்பார். இது காணொலி வழியாகவே நடைபெறுகிறது. விசாரணை முடிந்து 15 நாள்களுக்குள் எழுத்துபூர்வ வாதங்களை அளிக்கலாம். மறுத்து ஆணையிட்டால் காரணம் கூறியாக வேண்டும். அக்ரிபோர்டு இன்டர்நேஷனல் வழக்கில் 2022இல் தில்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. முன்சான்று சொல்வது என்ன, விண்ணப்பம் சொல்வது என்ன, முன்னதிலிருந்து பின்னது தேர்ந்தவருக்கு எவ்வாறு எளிதில் தோன்றும் என்ற மூன்றையும் ஆராயாமல், 'புத்தாக்கக் கூறு இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது என்றது அத்தீர்ப்பு. சிறு விண்ணப்பதாரர்களுக்கு இது மதிப்புமிக்க பாதுகாப்பு. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால், மேல்முறையீடு இப்போது உயர் நீதிமன்றத்துக்கே செல்கிறது. அதன் செலவு பெட்டி விற்பனையில் ஈட்டக்கூடியதைவிட அதிகமாகலாம் என்பது வேறு விஷயம்.

வடிவம் மட்டும் புதிது என்றால்

பெட்டியின் இயக்கத்தில் புதுமை ஏதுமின்றி, மயில் வடிவிலோ ஒட்டகச் சேண வடிவிலோ அழகாக அமைந்திருந்தால், காப்புரிமை அதற்கான இடமல்ல. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டுமே அது காக்கும். இங்கும் வெளியிடுவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெட்டி செய்யும் பலருக்கு இந்த வழியே செலவிலும் காலத்திலும் பொருத்தமானது. ஆனால், காப்புரிமை என்ற சொல்லின் கவர்ச்சியில் இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

விண்ணப்பிக்குமுன் காப்புரிமை அலுவலகத்தின் 'இன்பாஸ்' தேடல் தளத்திலும், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 'பேட்டன்ட்ஸ்கோப்' தளத்திலும் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்களுக்கு விண்ணப்பிப்பதில் உதவுவதற்காகக் குஜராத்தில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை செயல்படுகிறது.

காப்புரிமை வழங்கப்பட்டபின், விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். தனிநபர்களுக்கு இணையவழியில் ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய், பின்னர் படிப்படியாக உயரும். வழங்கிய செய்தி இதழில் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள், தொடர்புடைய எவரும் மீண்டும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இந்தியக் காப்புரிமை இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். வெளிநாடுகளிலும் உரிமை கோர விரும்புவோர், முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதங்களுக்குள் அதற்கான நடவடிக்கையைத் தொடங்க வேண்டும்.